சும்மா கொடுத்தாலும் வேண்டாம்!

'உங்களுக்கு எந்த ஸ்கூட்டர் பிடிக்கும்?' என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மைலேஜ், பிக்கப், ரீசேல் வேல்யூ என்று டி.வி. விளம்பரத்தை அப்படியே ஒப்பிப்பார்கள்.

அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு, 'எந்த ஸ்கூட்டரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பீர்கள்?' என்று கேளுங்கள். அவ்வளவுதான்! சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்காருவார். வேட்டியை ஒரு சாண் உயர்த்தி முழங்கால் தழும்பைக் காட்டுவார். அரை மணி நேரத்துக்கு உங்களை எழுந்திருக்க விடமாட்டார்.

நான் பி.காம். படித்தவன். 'வரவு' பக்கத்தில் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் எழுதுகிறார்கள், 'பற்று' பக்கத்தில்தான் ஆளுக்கொரு கதை இருக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் திருச்சியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம், அப்பாவின் வலது முழங்கால்.

அப்பாவிடம் 1996 மாடல் பஜாஜ் சேட்டக் ஒன்று இருக்கிறது. அதை ஸ்டார்ட் செய்வதற்கு ஒரு பூஜா விதி உண்டு. முதலில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். சோக்கை இழுக்க வேண்டும். பிறகு இஷ்ட தெய்வத்தை நினைத்து ஓர் உதை. போன மாதம் எலும்பு டாக்டர், "இனிமே வண்டியை உதைக்கிற வேலையெல்லாம் வேண்டாம் பெரியவரே" என்று சொல்லிவிட்டார். உதைக்காமல் கிளம்பும் வண்டி ஒன்று வாங்குவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது.

எந்த வண்டி? அங்கேதான் கூட்டம் கலைந்தது. ஆளுக்கொரு 'வேண்டாம்' பட்டியல் வைத்திருந்தார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் தம்பிச் சண்டை

அப்பாவுக்கு சேட்டக் என்றால் உயிர். பெரியப்பாவுக்கு விஜய் சூப்பர். நாற்பது வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது.

"இன்ஜினை ஒரு பக்கமா வச்சுக்கிட்டு, ஒத்தைத் தோள்ல மூட்டை தூக்கினவன் மாதிரி போவான் உங்கப்பன்" என்பார் பெரியப்பா.

"அவன் வண்டி பஸ் நீளம். திருப்பணும்னா தெப்பக்குளத்தை ஒரு சுத்து சுத்தி வரணும்" என்பார் அப்பா.

விசாரித்துப் பார்த்தால் இந்தச் சண்டை எங்கள் வீட்டில் பிறந்ததே இல்லை. இத்தாலியில் பிறந்தது! இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல் பியாஜியோ கம்பெனி 'வெஸ்பா' ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. மறு வருஷமே மிலான் நகரத்து இன்னொசென்டி கம்பெனி 'லாம்ப்ரெட்டா'வை இறக்கியது. வெஸ்பா வம்சத்தில் வந்தது பஜாஜ் சேட்டக். லாம்ப்ரெட்டா வம்சத்தில் வந்தது, லக்னோவில் அரசாங்கக் கம்பெனி தயாரித்த விஜய் சூப்பர். முன்னதில் இன்ஜின் வலது பக்கப் புடைப்புக்குள் இருக்கும். பின்னதில் நட்ட நடுவில். இந்த ஒரு வித்தியாசத்துக்காக இத்தாலியிலும் அடித்துக்கொண்டார்கள். உறையூரிலும் அடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ ஒரு விமான இன்ஜினீயர். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது! செயின் எண்ணெய் பேன்ட்டில் படுகிறது, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்று அவரும் ஒரு 'வேண்டாம்' பட்டியல் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக அடித்தார். செயின் வேண்டாமா? இன்ஜினைப் பின்சக்கரத்தோடேயே சேர்த்துவிட்டார். காலைத் தூக்க வேண்டாமா? நடுவில் காலி இடம் விட்டார். சக்கரம் கழற்றச் சுலபமாக வேண்டுமா? விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கம் பிடித்து நிறுத்தினார். மோட்டார் சைக்கிளைப் பிடிக்காத ஆசாமி ஒருவர் இருந்ததால்தான் உலகத்துக்கு வெஸ்பா கிடைத்தது. ஆகையால், யாராவது 'வேண்டாம்' என்றால் அலட்சியம் பண்ணாதீர்கள்!

அப்பா காலத்தில் இந்தப் பட்டியலெல்லாம் போட முடியாது. கிடைப்பதே பெரிசு. பணம் கட்டிவிட்டு சேட்டக்குக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த நாடு இது. புக்கிங் ரசீதை பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வண்டி வந்து இறங்கியதும் வாங்கிய விலைக்கு மேல் வைத்து விற்றவர்களும் உண்டு. தேய்மானமே இல்லாத சொத்து! எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் கேட்டால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

கியர் போச்சு, கதவு திறந்தது

"உனக்கு எது வேண்டாம்?" என்று என் மனைவியைக் கேட்டேன்.

"இடது கையால கிளட்ச்சைப் பிடிச்சு, அதே கையால மணிக்கட்டைத் திருகி, வலது காலால பிரேக் மிதிக்கிற வண்டி எதுவும் வேண்டாம். அது வண்டியா, பரதநாட்டியமா?"

அவள் சொல்வதில் சரித்திரமே இருக்கிறது. 1980-களில் 98 சிசி கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் கிடையாது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். "பொம்பளைங்க வண்டி" என்று சேட்டக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் 1990-களில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். ஸ்கூட்டி. 2001-ல் ஹோண்டா ஆக்டிவா. சிரித்தவர்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராகப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார்கள். 2009 கடைசியில் பஜாஜ் கம்பெனியே ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று மானியம் கொடுக்கத் தொடங்கியபோது, காலை எட்டரை மணி சாலை யாருடையது என்பது முன்பே தெரிந்துபோயிருந்தது.

மாடி போர்ஷனில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார். அவர் பட்டியலில் ஒரே வரிதான். "உட்கார்ந்தா ரெண்டு காலும் தரையில பதியணும் சார். பதியலையா, தங்கத்துல செஞ்ச வண்டின்னாலும் வேண்டாம். ஓடும்போது யாரும் விழறதில்லே. சிக்னல்ல நிக்கும்போதுதான் விழறோம்."

என்ன ஒரு பாயின்ட்! ஷோரூமில் எல்லோரும் மைலேஜைக் கேட்கிறோம். உட்கார்ந்து காலை ஊன்றிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? எடையும் அப்படித்தான். ஸ்கூட்டி பெப் ப்ளஸ் நூறு கிலோவுக்குள் அடங்கிய வண்டி. ஆக்டிவா நூறைத் தாண்டும். மின்சார ஸ்கூட்டர்களில் பல 110 கிலோவையும் தாண்டுபவை. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. சந்தில் பின்பக்கமாகத் தள்ளும்போது இடுப்புக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அம்மாள், "கால் வைக்கிற இடத்துல மேடு இருந்தா வேண்டாம்பா. பூ மூட்டையை என் தலையிலயா வைக்கிறது?" என்றார். உண்மைதானே! அந்த முக்கால் முழத் தட்டையான இடத்தில்தான் அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் கேஸ் சிலிண்டரும் நம் ஊரில் பயணம் செய்கின்றன. (சிலிண்டரை அப்படிக் கொண்டுபோவது ஆபத்து. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஹோட்டல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒருவன், "பெட்ரோல் போட சீட்டைத் தூக்கணும்னா அந்த வண்டியே வேண்டாண்ணே" என்றான். ஒவ்வொரு தடவையும் பெரிய பையை இறக்கி, சீட்டைத் திறந்து, மறுபடி பையை ஏற்றுவதற்குள் பின்னால் நிற்கும் பத்து பேர் ஹாரன் அடிக்கிறார்களாம். மூடியை வெளியிலேயே வைத்த வண்டிகள் வந்துவிட்டன என்றேன். "அதுக்குத்தாண்ணே சீட்டு போட்டுக்கிட்டிருக்கேன்" என்றான்.

மெக்கானிக் பாய் சொன்னது

அடுத்து, அப்பாவின் சேட்டக்குக்குக் குடும்ப வைத்தியரான மெக்கானிக் பாய்.

"கியர் இல்லாத வண்டியில என்ன இருக்கு பாய்?"

"ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட். அவ்வளவுதான் தம்பி." மூடியைக் கழற்றியே காட்டிவிட்டார். முன் கப்பிக்குள் உருளைகள் இருக்கின்றன. இன்ஜின் வேகம் கூடக் கூட அவை ராட்டினத்தில் சுற்றுகிறவர்களைப் போல வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, கப்பியை நெருக்குகின்றன. நெருக்க நெருக்க பெல்ட் மேலே ஏறுகிறது. நம் கை செய்த கியர் வேலையை அதுவே செய்துகொள்கிறது. "பெல்ட் தேய்ஞ்சிருக்கான்னு அப்பப்போ பார்த்துடணும். பார்க்காம விட்டா நடுரோட்டுல அந்து போகும். இன்ஜின் ஓடும், வண்டி நகராது. அப்புறம் கம்பெனிக்காரனைத் திட்டுவீங்க."

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலும் அதே கதைதானாம். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் உள்ளேயே இறுகிக்கொள்ளும். "மறந்தது இவரு, கெட்ட பேரு வண்டிக்கு!"

"நீங்க எந்த வண்டியை வேண்டாம்னு சொல்வீங்க?"

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊருல ஸ்பேர் கிடைக்காத வண்டி எதுவும் வேண்டாம். அப்புறம், பள்ளம் ஜாஸ்தியான ரோட்டுல தினமும் போறவங்களுக்கு 10 இன்ச் சக்கரம் வேண்டாம், 12 இன்ச் பாருங்கன்னுவேன். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்கும். பெரிய சக்கரம் தாண்டிப் போயிடும். பழைய வண்டி வாங்கினா பிரேக்கை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க."

பிரேக் விஷயத்தில் ஒரு தகவல். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் விற்பனையாகும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில், பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கூடவே பிடிக்கும் ஏற்பாடோ, சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். ஏற்பாடோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தைய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

கிளம்பும்போது பாய் சொன்னார்: "முப்பது வருஷமா பார்க்கிறேன் தம்பி. 'இந்த வண்டி சரியில்லே'ன்னு வர்றதுல பாதி, வண்டி சரியாத்தான் இருக்கும்."

அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சத்தமில்லாத சேட்டக்

"அப்பா, சேட்டக் திரும்ப வந்துடுச்சு! 2020-லயே வந்துடுச்சு!" என்றேன். அப்பா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"ஆனா கரண்ட்டுல ஓடும். கியர் கிடையாது, உதைக்க வேண்டாம், சத்தமே வராது."

பல்பு ஃப்யூஸ். "சத்தமில்லாம வர்றதுக்குப் பேரு சேட்டக்கா? அது ராணா பிரதாப்போட குதிரைடா! பூனை பேரு எதாவது வைக்கச் சொல்லு!"

அப்பா மறுத்தாலும் மின்சார ஸ்கூட்டர் விஷயத்தில் நம் தமிழ்நாடு சளைத்ததில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் ஆரம்பித்த ஏத்தருக்கும், டி.வி.எஸ்.ஸுக்கும் ஓசூரில் தொழிற்சாலை. ஓலா, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் தொழிற்சாலை அமைத்தது. பெட்ரோல் பங்க் பக்கமே போகாத நண்பர் ஒருவர், "இனி பெட்ரோல் வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்" என்கிறார். அவருக்குத் தனி வீடு, வாசலிலேயே பிளக். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கும் இன்னொருவர், "மாடியிலேர்ந்து வயரைத் தொங்கவிட அசோசியேஷன் ஒத்துக்கலை. கரண்ட் வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டுமே வண்டியைப் பற்றிய அபிப்பிராயம் இல்லை, வீட்டைப் பற்றியது!

'லைசென்ஸ் வேண்டாம்' என்று விற்கும் மின்சார வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250 வாட்ஸ் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது என்றால்தான் அந்தச் சலுகை. அதை வாங்கிவிட்டு, காவேரிப் பாலத்தில் சைக்கிள்காரர் முந்துகிறார் என்று வருத்தப்படக் கூடாது.

அம்மாவின் ஒரே வரி

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஷோரூமுக்குப் போனோம். அம்மாவையும் கூட்டிப்போனோம். அதுவே பெரிய விஷயம்.

2011-ல் ஒரு சாயங்காலம், ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்விட்டு அப்பாவும் அம்மாவும் ஸ்கூட்டரில் திரும்பும்போது ரோட்டோர மணலில் வண்டி வழுக்கி விழுந்தார்கள். அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அது வேறு கம்பெனி வண்டி. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. "பிரேக் சரியில்லாத வண்டி" என்று அப்பா பத்தே நாளில் அதை நஷ்டத்துக்கு விற்றார். ரிடையராகும் சக ஊழியரிடமிருந்து இந்த சேட்டக்கை வாங்கினார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனி வண்டியை வாங்கப் போனவர்களையெல்லாம், 'சும்மா கொடுத்தாலும் வாங்காதே' என்று தடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அதற்குப் பிறகு எந்த வண்டியின் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்தான்.

ஷோரூமில் என் மனைவி, "அத்தை, நீங்களும் உட்கார்ந்து பாருங்க" என்றாள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின்சக்கரத்துக்குப் பாதிக்குக் குறையாத மறைப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. அம்மாவுக்கு விதி தெரியாது. ஆனால் நிறுத்தியிருந்த நாலு வண்டியிலும் புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, கைப்பிடியை இழுத்து, காலை ஊன்றி, முந்தானை எங்கே தொங்குகிறது என்று குனிந்து பார்த்து, அந்த விதிமுறைப்படியே பரிசோதனை நடத்தினாள்! நாங்கள் ஒரு வாரமாகப் பேசியதில் ஓட்டுகிறவர்தான் இருந்தார். பின்னால் உட்காருகிறவரை யாருமே கேட்கவில்லை.

"இது பரவாயில்லே" என்றாள் மூன்றாவது வண்டியில்.

"இதோட பிரேக் எப்படின்னு கேளுடா. அந்த வண்டி மாதிரி இருக்கப் போகுது" என்று ஆரம்பித்தார் அப்பா.

"அந்த வண்டி மேல ஒரு தப்பும் இல்லே" என்றாள் அம்மா, பட்டென்று.

ஷோரூமில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"உங்கப்பா திரும்பி என்னைப் பார்த்துப் பேசினார்டா. அதான் விழுந்தோம்."

"என்னம்மா பேசினார்?"

"'புளியோதரையில உப்பு ஜாஸ்தி இல்லே?'ன்னு கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள ரெண்டு பேரும் மணல்ல கிடந்தோம்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலே?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. "வண்டியைத் திட்டினா வண்டி அழப் போறதில்லே. இவரைச் சொன்னா அப்புறம் வண்டியையே தொட்டிருக்க மாட்டார். ஆபீஸுக்கு எப்படிப் போவார்?"

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. புது வண்டியின் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே நின்றார். கடைசியில் மெதுவாக, "உப்பு ஜாஸ்திதானே?" என்றார்.

"ஆமா, ஜாஸ்திதான்" என்றாள் அம்மா.

மெக்கானிக் பாய் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கம்பெனிக்கு எங்கள் குடும்பம் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையையே ரசீதாக வைத்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டிலும் 'சும்மா கொடுத்தாலும் வேண்டாம்' என்று ஒரு வண்டி இருந்தால், அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அம்மா தேர்ந்தெடுத்த வண்டியையே வாங்கினோம். 12 இன்ச் சக்கரம், தட்டையான ஃபுட்போர்டு, அப்பாவுக்கு இரண்டு காலும் தரையில் பதிகிறது. வந்த வெள்ளிக்கிழமை, இரண்டு பேரும் ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு ஸ்ரீரங்கம் கிளம்பினார்கள். நானும் மனைவியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினார். வண்டி நகர்ந்தது. தெருமுனை போவதற்குள் அப்பாவின் ஹெல்மெட் மெல்லப் பின்பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

பின்னாலிருந்து அம்மாவின் இடது கை நீண்டது. ஹெல்மெட்டைப் பிடித்து, நேராக முன்பக்கம் திருப்பி வைத்தது.

கம்பெனி பொருத்தாத மூன்றாவது பிரேக்!